ஃபுல் எண்டா ஃபுல் இல்லை

போன வருசம் ஓகஸ்டில் நாங்கள் நாலு பேர் மொரிசியசுக்குப் போய் வந்தோம். கடல், மலை, ஏழு நிற மண் எல்லாவற்றையும் படமாய்ப் போட்டு முடித்தாயிற்று. எழுதாமல் விட்டது கார்க் கதையை. ஆறு நாளைக்கு ஒரு காரை ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ போட்டு வாடகைக்கு எடுத்தோம். சரியாய்ச் சொன்னால் இரண்டு தடவை ஃபுல் இன்சூரன்ஸ் போட்டோம். அப்படியிருந்தும் காசு போனது. நாலு பேரும் ஒரு நாள் முழுக்க முகம் பார்த்துக் கதைக்காமல் இருந்தோம். இனிப் போகிற ஆக்களுக்கு உதவும் எழுதுவோம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். முதலில் எங்களுக்கு உதவும் என்று இன்னொருவர் சொன்னார்.

எங்கள் பக்கம் ‘ட்ரிப்’ என்றால் ஹையர் வான்தான். ட்ரைவர் அண்ணை வருவார், பாட்டுப் போடுவார், எங்கே நிற்பது, எப்ப சாப்பிடுவது எல்லாவற்றையும் அவரே முடிவெடுப்பார். வான் எங்கேயாவது இடிபட்டால் அது அவருடைய தலையிடி. நுவரெலியா, திருகோணமலை, கதிர்காமம் என்று எத்தனை தடவை போயிருப்போம். வானுக்கு என்ன இன்சூரன்ஸ் இருக்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மொரிசியசில் பஸ் ஓடுகிறது, விலையும் பரவாயில்லை. ஆனால் பின்னேரம் பட்டால் கிராமப் பக்கம் பஸ் குறைந்துவிடும். தெற்கில் லெ மோர்ன் மலை, சமரெல், பிளாக் ரிவர் காட்டுப் பக்கம் எல்லாம் எங்கள் பாட்டில் நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசை. இன்னொரு ஆறுதலும் இருந்தது. அங்கேயும் எங்களைப் போல இடப்பக்கம்தான் ஓடுவார்கள். 1810 இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிரிட்டிஷ்காரர் பிடித்த தீவு அது. சனம் கதைப்பது கிரியோல், பேப்பர் பிரெஞ்சில், ரோட்டு மட்டும் எங்கட ரோட்டு மாதிரி.

எங்கள் நாலு பேரையும் பெயர் சொல்லாமல் அறிமுகப்படுத்துகிறோம். ஒருத்தி முல்லைத்தீவு. தொண்டர் ஆசிரியை. எங்களுக்குள் உண்மையில் நன்றாய்க் கார் ஓடத் தெரிந்தவள் அவள்தான். ஒருவன் ஹட்டன். லைசன்ஸ் இருக்கிறது, பழக்கம் கொஞ்சம் குறைவு. ஒருவன் கொழும்பில் ஐ.டி. வேலை. கிரெடிட் கார்ட் வைத்திருந்த ஒரே ஆள். இன்னொருத்தி யாழ்ப்பாணம். மூன்று வருசமாய் மாதம் மாதம் எல்லோரிடமும் காசு வாங்கிக் கணக்கெழுதி இந்தப் பயணத்தைக் கட்டி எழுப்பியவள். ஓடுபவள் கொழும்புக்குப் போய் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்து வந்தாள். எல்லாம் சரி என்றுதான் நினைத்தோம்.

காரை இணையத்தில் ஒரு இடைத்தரகு நிறுவனத்தின் மூலம் பதிவு செய்தோம். ஆறு நாளைக்கு 62,000 ரூபா. கீழே ஒரு பெட்டி. ‘முழுப் பாதுகாப்பு’, 14,000 ரூபா. ரிக் போட்டோம். எங்களுக்குத் தெரிந்த இன்சூரன்ஸ் இரண்டுதான். ஒன்று தேர்ட் பார்ட்டி, சட்டத்துக்குப் பயந்து எல்லோரும் போடுவது. மற்றது ஃபுல், வசதியானவர்கள் போடுவது. ஃபுல் போட்டால் இடித்தவுடனே கோல் எடுப்பார்கள், ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து படம் எடுப்பார், அதோடு முடிந்தது. அதே கணக்கைத்தான் அங்கேயும் போட்டோம்.

விமான நிலையத்தில் கவுண்டரில் நின்றவர் மரியாதையான ஆள். கடதாசியைப் பார்த்தார், சிரித்தார், “இந்த முழுப் பாதுகாப்பு எங்களுடையது இல்லை” என்றார்.

அவர் விளங்கப்படுத்தியது இதுதான். வாடகைக் காருக்கு அடிப்படைக் காப்புறுதி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் சேதம் நடந்தால் முதல் ஒரு தொகையை வாடகைக்கு எடுத்தவர் கட்ட வேண்டும். ஆங்கிலத்தில் எக்ஸஸ், அங்கே ஃபிரோன்ஷீஸ் என்கிறார்கள். எங்கள் காருக்கு அது 25,000 மொரிசியஸ் ரூபா. அன்றைய கணக்கில் அவர்களுடைய ஒரு ரூபா எங்கட ஆறரை ரூபாவுக்குக் கிட்ட. ஆக ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல். இடைத்தரகரிடம் நாங்கள் வாங்கியது அந்த எக்ஸஸைத் திருப்பித் தரும் காப்புறுதி. அதாவது கார் இடிபட்டால் முதலில் 25,000 ஐ நாங்கள் வாடகைக் கொம்பனிக்குக் கட்ட வேண்டும். பிறகு பில்லும் படமும் அனுப்பி இடைத்தரகரிடம் கேட்க வேண்டும். அது ஏமாற்று வேலை இல்லை, ஒழுங்கான முறைதான். ஆனால் கொம்பனிக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. ஆகவே அந்த 25,000 ஐ எங்கள் கிரெடிட் கார்டில் மறித்து வைக்க வேண்டும். டெபிட் கார்ட் சரிவராது. கார்ட் ஓடுபவருடைய பெயரில் இருக்க வேண்டும்.

கார்ட் இருக்கிறவனுக்கு ஓடத் தெரியாது. ஓடத் தெரிந்தவளுக்கு கார்ட் இல்லை. தொண்டர் ஆசிரியைக்கு எந்த வங்கி கிரெடிட் கார்ட் கொடுக்கும்? ஹட்டன்காரனிடமும் இல்லை. முக்கால் மணித்தியாலம் கெஞ்சிப் பார்த்தோம். விதி விதிதான். 62,000 ரூபா திரும்பி வராது என்று பதிவுக் கடதாசியின் மூன்றாம் பக்கத்திலேயே எழுதியிருந்தது. ‘முழுப் பாதுகாப்பு’ தொடங்கவே இல்லை என்பதால் அந்த 14,000 மட்டும் மூன்று கிழமைக்குப் பிறகு வந்து சேர்ந்தது.

அன்றிரவு மஹேபூரில் தங்கிய வீட்டு அன்ரி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு யாருக்கோ ஃபோன் எடுத்தா. அடுத்த நாள் காலமை ஒரு வயதானவர் சின்ன வெள்ளைக் கார் ஒன்றோடு வந்து நின்றார். “வணக்கம்” என்றார். நாங்கள் பாய்ந்து விழுந்து தமிழில் கதைக்கத் தொடங்க, கையைக் காட்டி மறித்தார். தேவாரம் நாலைந்து அவருக்குப் பாடமாம். ரோமன் எழுத்தில் பார்த்துப் படித்ததாம். கதைக்கத்தான் வராதாம். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்களாய்ப் போன தமிழர் உண்டு. பிறகு தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் போனவர்கள் அதைவிடக் கனக்க. அவருடைய ஆக்கள் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று அவருக்கே தெரியாது. நாங்கள் அவரை அங்கிள் என்றோம்.

அங்கிளிடம் ஒரு நாளைக்கு 1,300, அவருடைய ஃபுல் இன்சூரன்ஸ் நாளுக்கு 400, பிணையாய் 10,000 காசு. காசாய்த் தரலாம். நாங்கள் எண்ணிக் கொடுத்தபோது எங்களில் ஒருத்தி நோட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். மொரிசியஸ் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்ததாய்த் தமிழ், பிறகு ஹிந்தி. அங்கிள் அதைக் கண்டுவிட்டார். 1998 இல் புது நோட்டு அடித்தபோது தமிழைக் கீழே இறக்கிவிட்டார்கள், சனம் ரோட்டுக்கு வந்தது, அடித்த நோட்டை மீளப்பெற்று அடுத்த வருசம் மாற்றி அடித்தார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பேசவே வராத மொழிக்காக ரோட்டுக்கு வந்திருக்கிறார்கள். எங்கட நாட்டு நோட்டில் தமிழ் எத்தனையாம் வரியில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நாங்கள் நாலு பேரும் பேர்ஸை எடுத்துப் பார்த்தோம்.

பிறகு அவர் காரைச் சுற்றி நடக்க வைத்தார். ஏற்கெனவே இருந்த ஒவ்வொரு சிராய்ப்பையும் காட்டி, “வீடியோ எடு, என்னையும் சேர்த்து எடு” என்றார். இரண்டு கார் லேசாய் முட்டி ஒருவருக்கும் காயமில்லை என்றால் இரண்டு ட்ரைவரும் சேர்ந்து நிரப்பிக் கையெழுத்து வைக்கும் ஒரு படிவம் டாஷ்போர்டுக்குள் இருந்தது. அதை எப்படி நிரப்புவது என்று காட்டினார். கடைசியாய் ஒரு விரலை உயர்த்திச் சொன்னது, எங்கள் தமிழில் போட்டால், இதுதான்: “ஃபுல் எண்டா ஃபுல் இல்லை, பிள்ளையள். பொடி, கதவு, களவு, இதெல்லாம் என்ர பொறுப்பு. டயர், ரிம், கண்ணாடி, காரின் அடிப்பக்கம், திறப்பு, பிழையான எண்ணெய் அடிச்சது, இதெல்லாம் உங்கட பொறுப்பு. குடிச்சிட்டு ஓடினாலோ, கடதாசியில பேர் இல்லாத ஆள் ஓடினாலோ, ஒண்டுமே என்ர பொறுப்பு இல்லை.”

இரண்டாவது ட்ரைவரின் பெயரைச் சேர்க்க நாளுக்கு 200. ஆறு நாளைக்கு 1,200. ஏற்கெனவே 62,000 போய்விட்டது. வேண்டாம் என்றோம். நாலு பேரும் சேர்ந்துதான் வேண்டாம் என்றோம்.

அன்றிரவு கடதாசியை முழுக்க வாசித்தோம். ஒருமுறை சூடுபட்ட பூனைகள். காப்புறுதி செல்லாத இடங்கள் என்று ஒரு பட்டியல். அதில் யுத்தம், படையெடுப்பு, உள்நாட்டு யுத்தம், கிளர்ச்சி என்று ஒரு வரி. கொழும்புக்காரன் அதைச் சத்தமாய் வாசித்துவிட்டுச் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

முல்லைத்தீவுக்காரியின் அப்பாவிடம் ஒரு லாண்ட்மாஸ்டர் இருந்தது. 2009 இல் குடும்பமும் பாத்திரங்களும் ஏறி இடம் இடமாய்ப் போன வண்டி. புதுக்குடியிருப்புக்கு அங்கால ஒரு இடத்தில் அதை விட்டுவிட்டு நடந்தார்கள். அந்தப் பக்கம் அப்படி விடப்பட்டுக் கறள் பிடித்து நின்ற வாகனங்களின் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டிக்கு எந்தக் காப்புறுதியும் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் இந்த வரி இருந்திருக்கும். உலகத்தில் பெரும்பாலான வாகனக் காப்புறுதியில் யுத்தத்துக்கு இடமில்லை. ஒரே நேரத்தில் எல்லோருக்கும் நடக்கும் இழப்பை எந்தக் கொம்பனியாலும் தாங்க முடியாது, காப்புறுதி என்பதே கொஞ்சப் பேரின் இழப்பைக் கனபேர் பகிர்வது என்பதால். காரணம் விளங்குகிறது. இலங்கையிலும் கலவரத்துக்கும் பயங்கரவாதத்துக்கும் தனியாய்க் காசு கட்டித்தான் பாதுகாப்பைச் சேர்க்க வேண்டும். வீட்டில் இருக்கும் காப்புறுதிக் கடதாசியை எடுத்துப் பாருங்கள், தனி வரியாய் இருக்கும்.

“அப்பா இண்டைக்கும் எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்க முதல் ரெண்டு தரம் வாசிப்பார்” என்று மட்டும் அவள் சொன்னாள்.

மூன்றாம் நாள் போர்ட் லூயிசில் ஆப்ரவாசி காட் போனோம். 1834 தொடக்கம் 1920 வரை கிட்டத்தட்ட ஐந்து லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய இடம். கருங்கல் படிகள், சுவர்கள். யுனெஸ்கோ 2006 இல் உலக மரபுரிமையாய் அறிவித்தது. ஹட்டன்காரன் அந்தப் படிகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். அவனுடைய கொள்ளுப்பாட்டனும் ஒரு கங்காணி சொன்னதை நம்பிக் கடல் கடந்தவர்தான். வேறு கடல், வேறு தீவு, வேறு பயிர். “வாசிக்கத் தெரியாத ஆளுக்கிட்ட ஒப்பந்தம்னு சொல்லி ஒரு தாள நீட்டினா எப்புடி இருக்கும்?” என்று கேட்டான். நாங்கள் மூன்றாம் பக்கத்தை வாசிக்காமல் ரிக் போட்டவர்கள். பதில் சொல்ல முடியவில்லை.

நாலாம் நாள் பின்னேரம். சமரெலிலிருந்து தெற்குக் கடற்கரைக்கு இறங்கும் ரோட்டு. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. வளைவுக்கு அங்கால என்ன வருகிறது என்று தெரியாது. அந்தத் தீவு எரிமலைக் கல்லால் ஆனது. வயலில் பொறுக்கிய கருங்கற்களை ரோட்டோரமாய்க் குவித்திருப்பார்கள், வாய்க்காலும் கல்லால் கட்டியிருக்கும், ரோட்டுக்குக் கரை என்று ஒன்று இல்லை. எதிரே ஒரு பஸ். அவள் வேகத்தைக் குறைத்தாள். முன் சீற்றில் இருந்தவர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் எடு, இடமிருக்கு” என்றார். இடமிருக்கவில்லை. இடப்பக்க முன் சில்லு வாய்க்கால் விளிம்பில் இறங்கியது. டயரின் பக்கம் கிழிந்து, ரிம் வளைந்தது. பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்து காரைத் தூக்கிவிட்டு, ஸ்பெயார் சில்லையும் மாற்றித் தந்துவிட்டுப் போனார்கள்.

ஒருவருக்கும் ஒன்றுமில்லை. கதவில் ஒரு கீறல்கூட இல்லை. கதவு நசுங்கியிருந்தால் ஒரு சதமும் கட்டியிருக்கத் தேவையில்லை. டயரும் ரிம்மும்தான் பட்டியலில் இல்லாதவை.

காருக்குள் ஏறியதும் எங்களில் ஒருவர் சொன்னார்: “ஓடின ஆள்தானே கட்டவேணும், அதுதானே வழமை.” யார் சொன்னது என்று இங்கே எழுதமாட்டோம். இந்தக் கட்டுரையை ‘நாங்கள்’ என்று எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். அவள் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி, “ஓம், நான் கட்டுறன்” என்றாள். அதைச் சொன்ன விதத்தில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவளுடைய மாதக் கொடுப்பனவு எவ்வளவு என்று நாலு பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த நாள் முழுக்க, கடலைப் பார்த்தோம், படம் எடுத்தோம், ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை.

ஐந்தாம் நாள் இரவு ரோட்டோரக் கடையில் காத்தோ பிமோ வாங்கிக்கொண்டு குந்தினோம். அசல் எங்கட பருப்பு வடை, சின்னனாய் உருட்டியது. கணக்கெழுதுபவள் கொப்பியைத் திறந்து, காசை எழுதாமல் வேறொன்றை எழுதத் தொடங்கினாள். நாலு நாளும் ஓடியது யார்? ஒருத்தி. ஏன் ஒருத்தி? இரண்டாவது பெயரைச் சேர்க்கவில்லை. ஏன் சேர்க்கவில்லை? 1,200 ரூபாவை மிச்சம் பிடிக்க. மிச்சம் பிடித்தது யார்? நாலு பேர். அன்றைக்குக் காலமை ஏழு மணியிலிருந்து ஓடியவள் பின்னேரம் களைத்துப் போனதும், ஹட்டன்காரன் தான் ஓடுவதாய்க் கேட்டதும், பெயர் இல்லாத ஆள் ஓடினால் ஒன்றுமே செல்லாது என்று அவள் மறுத்ததும் எல்லாம் அந்த 1,200 இலிருந்து வந்தது. “இடமிருக்கு” என்ற குரல் வேறு. இதில் ‘ஓடின ஆள்’ எங்கே தனியாய் இருக்கிறார்?

கொப்பியை ஒவ்வொருவரும் வாங்கி வாசித்தோம். அந்த வசனத்தைச் சொன்னவர் மன்னிப்புக் கேட்டார். அவள், “மன்னிப்பு வேண்டாம், நாளைக்கு நீங்கள் எல்லாரும் கராஜுக்கு வாங்கோ” என்றாள்.

அங்கிளுக்கு விபத்து நடந்த அன்றே ஃபோனில் சொல்லிவிட்டோம். மறைக்காமல் உடனே சொன்னது நல்லது என்றார். பிந்திச் சொன்னால் இருக்கிற காப்புறுதியும் செல்லாமல் போகலாம். டயர் 2,600, ரிம் நிமிர்த்த 1,200, சில்லு அலைன்மென்ற் 700. மொத்தம் 4,500. கராஜ் பில்லை எங்கள் கையில் தந்துவிட்டு, பிணைக் காசில் அதை மட்டும் கழித்து மிச்சம் 5,500 ஐ எண்ணித் தந்தார். ஆளுக்கு 1,125. எங்கட காசில் ஏழாயிரத்து முன்னூறு. இந்தத் தொகைக்காகத்தான் ஒரு நாள் முழுக்க ஊமையாய் இருந்தோம்.

நீங்கள் எங்கேயாவது ஒரு தீவுக்குப் போய் கார் எடுப்பதென்றால், எங்கள் பிழைகளிலிருந்து இவ்வளவும். ‘ஃபுல்’ என்பதை யார் விற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். வாடகைக் கொம்பனியே விற்றால் பெரும்பாலும் எக்ஸஸ் குறையும், சிலவேளை இல்லாமலே போகும், மறித்து வைக்கும் காசும் குறையும். இடைத்தரகர் விற்றால் மலிவு, ஆனால் முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டும், கார்டில் அவ்வளவு இடமும் இருக்க வேண்டும். கிரெடிட் கார்ட் யாருடைய பெயரில் இருக்கிறது, ஓடப் போவது யார் என்பதை ஊரில் இருக்கும்போதே பொருத்திப் பாருங்கள். டயர், கண்ணாடி, அடிப்பக்கம் சேருமா என்று வாய் திறந்து கேளுங்கள். எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் காரைச் சுற்றி வீடியோ எடுங்கள். இரண்டாவது ட்ரைவரின் பெயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பட்டியலில் இல்லாதது நடந்தால் யார் கட்டுவது என்று கார் ஏறுவதற்கு முதலே உங்களுக்குள் கதையுங்கள். அதை எந்தக் கொம்பனியும் எழுதித் தராது.

ஊருக்கு வந்ததும் அவள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். 62,000 போன கதை, கவுண்டர், கரும்பு, வாய்க்கால், 4,500. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “டயர் மட்டும்தானே? ஆக்களுக்கு ஒண்டுமில்லையே?” என்றாராம். பிறகு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டாராம்.

அடுத்த பயணத்துக்கு இந்த மாதம் காசு சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். கணக்குக் கொப்பியின் முதல் வரி டிக்கெட் இல்லை, ஹோட்டலும் இல்லை. ‘டயர், நாலு பேருக்கும் பொது’ என்று எழுதியிருக்கிறது.